ரிக்கோ ஜி.ஆர். 3: ஊடக அட்டை இல்லாதவரின் கொழும்புக் கெமரா

கொழும்புத் தெருக்களில் படமெடுக்க ஆசைப்படும் எவருக்கும் ரிக்கோ ஜி.ஆர். 3 கெமராவை நான் துணிந்து சொல்வேன். படத்தின் தரம் ஒரு காரணம். இந்த நகரத்தில் கெமராவோடு நடப்பவரை இப்போது யார் மறிக்கிறார்கள், எதைப் பார்த்து மறிக்கிறார்கள் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2019 மார்ச்சில் சந்தைக்கு வந்தது. பற்றரி, மெமரி கார்ட் எல்லாம் சேர்த்து 257 கிராம்தான். சவர்க்காரக் கட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. சல்வாரின் பக்கப் பையிலேயே அடங்கிவிடும். உள்ளே இருப்பதோ பெரிய கெமராக்களில் வரும் ஏ.பி.எஸ்-சி அளவுச் சென்சர், 24 மெகாபிக்சல். 28 மில்லிமீற்றருக்குச் சமமான, அகலமாகப் பார்க்கும், எஃப் 2.8 திறப்புள்ள ஒரே லென்ஸ். அதைக் கழற்ற முடியாது. சூம் இல்லை, கண்ணை வைத்துப் பார்க்கும் வியூபைண்டர் இல்லை, பிளாஷ் இல்லை. பின்னால் இருக்கும் திரை மடங்காது, திரும்பாது. ஒரு விரலால் அழுத்தினால் ஒரு விநாடிக்குள் விழித்துக்கொள்ளும்.

நான் வாங்கியது 2021 இல், இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகிக் கிடந்த காலத்தில். புதியது கையில் கிடைக்கவில்லை. நாட்டை விட்டுப் போகும் ஒருவரிடமிருந்து ஒன்றரை இலட்சத்துக்குப் பழையதை வாங்கினேன். வெளிநாட்டில் அது வெளிவந்தபோது விலை 899 டொலர். 2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபின், அந்தப் பழைய விலையை நினைத்துப் பார்ப்பதே வீண். 2025 இல் ஜி.ஆர். 4 வந்துவிட்டதால் மூன்றாம் கெமராவைப் பழைய சந்தையில்தான் தேடவேண்டும். எங்கள் கைக்கு எட்டக்கூடியதும் அதுதான்.

நான் கொட்டாஞ்சேனைக்காரி. இப்போது புறக்கோட்டையில் துணி மொத்த வியாபாரக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். அதற்கு முன் சில வருடங்கள் ஒரு தமிழ் நாளிதழுக்குப் படமெடுத்தேன். அப்போது தோளில் நைக்கோன் டி700, அதில் 24-70 லென்ஸ், இரண்டும் சேர்ந்து இரண்டு கிலோவுக்குக் கிட்ட. கழுத்தில் அரசாங்கத் தகவல் திணைக்களம் ஆண்டுக்கு ஆண்டு தரும் ஊடக அடையாள அட்டை. அந்த அட்டை எனக்கு என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்பது நன்றாகத் தெரியும். அமைச்சரின் ஊடகச் சந்திப்புக்கு உள்ளே விட்டார்கள். ஊர்வலத்தில் பொலிஸ் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்க விட்டார்கள். சோதனைச் சாவடியில் பெயரைப் பார்த்ததும் சில முகங்கள் மாறும். அதை அந்த அட்டையால் மாற்ற முடியவில்லை. போர்க்காலக் கொழும்பில் தமிழர் ஒருவர் கெமராவோடு நின்றால், "எதற்கு?" என்ற கேள்வி முதலில் வரும், "யார்?" என்பது பிறகுதான். 2007 ஜூன் 7 விடியற்காலையில் இந்த நகரத்தின் விடுதிகளிலிருந்து 376 தமிழரை பஸ்களில் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்த நாட்களில் கெமராவைத் தூக்குவதற்கு முன் கை ஒரு கணம் நிற்கும். அந்தப் பழக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

திருகோணமலையில் சுடர் ஒளி நாளிதழுக்காக வேலை செய்த சுகிர்தராஜனை நினைக்காமல் ஊடக அட்டையைப் பற்றி என்னால் எழுத முடியாது. 2006 ஜனவரி 2 அன்று கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். குண்டு வெடித்துச் செத்தார்கள் என்று சொல்லப்பட்டது. தலையில் மிக அருகிலிருந்து சுடப்பட்டிருந்ததை அவர் எடுத்த படங்கள் காட்டின. அதே மாதம் 24 ஆம் திகதி அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். பத்திரிகையாளர் என்ற பெயர் அவரைக் காக்கவில்லை. 2022 ஜூலை 9 அன்று கொழும்பில், பிரதமராக இருந்தவரின் தனிப்பட்ட வீட்டுக்குப் பக்கத்தில், கடமையிலிருந்த ஊடகவியலாளர்களை விசேட அதிரடிப்படையினர் அடித்ததைக் காணொளியில் நாடே பார்த்தது. அவர்கள் கையில் மைக்கும் கெமராவும் வெளிப்படையாகவே இருந்தன.

அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தபின் ஒரு சந்தேகம் என்னை விடவில்லை. அட்டை இல்லாதவருக்குத் தெருவில் படமெடுக்க உரிமை இருக்கிறதா? இருக்கிறது. அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை பேச்சுக்கும் கருத்து வெளியீட்டுக்குமான சுதந்திரத்தை ஒவ்வொரு பிரசைக்கும் தருகிறது. ஊடக நிறுவனங்களுக்கு மட்டும் தரவில்லை. பொதுத் தெருவில் நின்று தெருவைப் படமெடுக்க ஊடக அட்டை தேவையில்லை. தடை இருப்பது வேறு இடத்தில். 1955 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க அரச இரகசியச் சட்டம் சில இடங்களைத் தடைசெய்யப்பட்ட இடங்களாக வைத்திருக்கிறது. படை முகாமின் வாசலில் கெமராவைத் தூக்காதீர்கள்; அது விளையாட்டல்ல.

ஆனால் அந்தச் சட்டத்தின் எல்லைக்கோடு நகரக்கூடியது. 2022 செப்டம்பர் 23 அன்று அதே சட்டத்தின் கீழ் வந்த வர்த்தமானி, பாராளுமன்றம், உயர் நீதிமன்ற வளாகம், ஜனாதிபதி செயலகம் போன்றவற்றைச் சுற்றிய பகுதிகளை உயர் பாதுகாப்பு வலயங்களாக்கியது. சில மாதங்களுக்கு முன் மக்கள் போராட்டத்துக்குக் குடும்பம் குடும்பமாக வந்து நின்ற காலி முகத்திடலின் ஓரமும் அந்தக் கோட்டுக்குக் கிட்டத்தான். சட்டத்தரணிகள் சங்கமும் மனித உரிமைகள் ஆணைக்குழுவும் எதிர்த்தன. ஒக்டோபர் 1 அன்று வர்த்தமானி மீளப்பெறப்பட்டது. எட்டு நாள் கதை என்று சிலர் மறந்துவிட்டார்கள். ஒரு கையொப்பத்தில் நடைபாதை வலயமாக மாறலாம் என்பதை நான் மறக்கவில்லை.

வர்த்தமானியைவிட அடிக்கடி நம்மை நிறுத்துவது சீருடை போட்ட தனியார் காவலாளிதான். காலி வீதிப் பக்கம் ஒரு கண்ணாடிக் கட்டடம். அதன் முன்னால் நடைபாதையில் லொத்தர் விற்கும் முதியவர் ஒருவர். அவருடைய சிறிய பெட்டியின் நிறங்கள் பின்னாலுள்ள கண்ணாடியில் விழும். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். அன்று என் கையில் இருந்தது நண்பியின் பெரிய கெமரா. காவலாளி வேகமாக வந்தார். முதலில் சிங்களத்தில் சொன்னார்; என் சிங்களத்தில் இருந்த தமிழைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார். ஹட்டன் பக்கத்துப் பேச்சு.

"மிஸ், இங்க போட்டோ எடுக்கக் கூடாதுங்க. மீடியா கார்ட் இருக்குங்களா?"

"ஐயா, இது ரோட்டு நடைபாதை. நான் எடுத்தது இவர. உங்கட கட்டடத்த இல்ல."

"எனக்கு வெளங்குதுங்க மிஸ். மேல கெமராவுல பாத்துக்கிட்டே இருக்காங்க. நான் நிப்பாட்டலைன்னா எனக்குத்தான் ஏச்சு."

அவர் சொன்ன கெமராவை நிமிர்ந்து பார்த்தேன். அது லொத்தர்காரரையும், என்னையும், பாடசாலை விட்டுப் போகும் பிள்ளைகளையும், பஸ்ஸுக்கு நிற்பவர்களையும் யாரிடமும் கேட்காமல் நாள் முழுக்க எடுத்துக்கொண்டிருந்தது. அதே நேரம், எங்களுக்கு நாலு அடி தள்ளி இரண்டு இளம்பிள்ளைகள் போனில் காணொளி எடுத்துக்கொண்டிருந்தார்கள், கட்டடம் முழுவதும் பின்னணியில் வர. அவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் காவலாளியின் மேல் எனக்குக் கோபமே இல்லை. பன்னிரண்டு மணிநேரம் வெயிலில் நிற்கும் மனிதர் அவர். எதற்காக மறிக்கவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை; எப்படிப்பட்ட சாமானைக் கண்டால் மறிக்கவேண்டும் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

அதே இடத்தில் ஜி.ஆர். கெமராவோடு பிறகு பல தடவை நின்றிருக்கிறேன். அதே ஐயா, "சாப்டீங்களா மிஸ்?" என்று கேட்பார். எடுத்த படம் ஒன்றுதான், நின்ற இடம் ஒன்றுதான், எடுத்தவளும் ஒருத்திதான். கருவியின் உருவம் மாறியது, அவ்வளவே. கொழும்பில் இன்று மறிக்கப்படுவது உருவம் என்று நான் சொல்வது இதனால்தான்.

இதைச் சொன்னதும், "அப்படியென்றால் ஒளித்து எடுக்க நல்ல கெமரா" என்று சிலர் சந்தோஷப்படுவார்கள். அவர்களுக்காகத்தான் அடுத்ததை விரிவாகச் சொல்கிறேன். இது ஒளித்து எடுக்கும் கெமரா இல்லை. 28 மில்லிமீற்றர் லென்ஸ் அதற்கு விடாது. ஒருவரின் முகம் படத்தில் முகமாக நிற்கவேண்டுமென்றால் நீங்கள் இரண்டு மீற்றருக்குள் போகவேண்டும். இரண்டு மீற்றர் என்றால் அவர் உங்கள் கண்ணைப் பார்க்கும் தூரம், "என்ன?" என்று கேட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டிய தூரம். வீதிக்கு அந்தப் பக்கம் நின்று நீண்ட லென்ஸால் ஒருவரின் அழுகையை எடுத்துக்கொண்டு போவதை நான் பத்திரிகைக் காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தத் தூரத்தை இந்தக் கெமரா பறித்துவிடுகிறது. அதை நான் பெரிய வரமாகவே நினைக்கிறேன்.

இந்தக் கெமராவின் உயிர் 'ஸ்னாப் போகஸ்'. கூர்மை எந்தத் தூரத்தில் இருக்கவேண்டும் என்று முன்னமே சொல்லி வைக்கலாம்: ஒன்றரை மீற்றர், இரண்டு, இரண்டரை என்று. ஷட்டர் பட்டனை அரைவாசியில் நிறுத்தாமல் ஒரே அழுத்தாக அழுத்தினால், கெமரா தேடிக்கொண்டிருக்காமல் அந்தத் தூரத்திலேயே எடுத்துவிடும். திறப்பு எஃப் 8, தூரம் இரண்டு மீற்றர் என்று வைத்தால் ஏறத்தாழ ஒரு மீற்றரிலிருந்து இருபது மீற்றர் வரை கூர்மையாக விழும். புறக்கோட்டையின் ஒரு குறுக்குத் தெருவின் முழு அகலமும் அதற்குள் அடங்கும். பத்து மணி வெயிலில் ஐ.எஸ்.ஓ. என்ற ஒளி உணர்திறனை 400 இல் வைத்தால் போதும். பிறகு திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை, மனிதரைப் பார்க்கலாம்.

இரண்டாம் குறுக்குத் தெருவில், 1909 இல் கட்டி முடித்த சிவப்புப் பள்ளிவாசலுக்கு முன்னால் காலையில் நின்று பாருங்கள். சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் மேலே பார்த்துச் சிவப்பு வெள்ளைக் கோடுகளை எடுப்பார்கள். கீழே நாட்டாமிமார் துணிப் பொதிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு, "பாரம், பாரம்" என்று வழி கேட்டு வருவார்கள். வண்டியின் கைப்பிடியில் இரண்டு கை, கழுத்தில் நரம்பு, நெற்றியில் சுற்றிய துவாய். பெரிய கெமராவோடு போன காலத்தில் அவர்கள் என்னைக் கண்டதும் நின்று போஸ் கொடுப்பார்கள், அல்லது முகத்தைத் திருப்புவார்கள். பத்திரிகையில் எதற்குப் போடப்போகிறார்களோ என்ற யோசனை. இப்போது வண்டி நிற்பதே இல்லை. ஒருவர் போகிற போக்கில், "எடுங்க மிஸ், ஆனா என்ட மூஞ்சி நல்லா வரணும்" என்றார். நல்லாகவே வந்தது. அடுத்த கிழமை பிரதி போட்டுக் கொடுத்தேன். அதன் பிறகு அந்தத் தெருவில் என்னை யாரும் யார் என்று கேட்பதில்லை. என்னைப் பொறுத்தவரை எந்தத் திணைக்களமும் தரமுடியாத அட்டை அது.

வேண்டாம் என்று சொன்னவரை நான் எடுப்பதில்லை. எடுத்த பிறகு சொன்னால் அவர் முன்னாலேயே அழிக்கிறேன். பிள்ளைகளைத் தாய் தகப்பனைக் கேட்காமல் எடுப்பதில்லை. ஆனால் ஒரு கட்டடத்தின் சார்பில் யாராவது வந்து அழிக்கச் சொன்னால் அழிப்பதில்லை. யாருடைய காணி இது என்று அமைதியாகக் கேட்பேன். நடைபாதை என்றால் நகர்ந்து போய்விடுவேன், படம் என்னோடு இருக்கும். உள்ளே, அவர்களுடைய காணியில் என்றால், அவர்கள் வேண்டாம் என்று சொல்ல உரிமை இருக்கிறது. கொச்சிக்கடை அந்தோனியார் கோவில் பக்கம் நான் முதலில் கேட்காமல் கெமராவை வெளியே எடுப்பதே இல்லை. 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு அங்கே பையோடு வரும் ஒவ்வொருவரையும் மக்கள் பார்க்கும் பார்வைக்குக் காரணம் இருக்கிறது. அந்தப் பயம் சட்டத்தால் வந்ததல்ல, இழப்பால் வந்தது. அதோடு வாதாட எனக்கு மனம் வராது.

இந்தக் கெடுபிடி எங்கள் ஊருக்கு மட்டும் உரியதும் அல்ல. பிரித்தானியாவில் பயங்கரவாதச் சட்டத்தின் 44 ஆம் பிரிவை வைத்துப் படமெடுப்பவர்களைச் சந்தேகமே இல்லாமல் நிறுத்திச் சோதித்தார்கள். 2010 ஜனவரியில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் அந்த அதிகாரம் தவறென்று தீர்ப்பளித்தது. ஹங்கேரியில் 2014 முதல், கூட்டத்தையும் பொது நிகழ்ச்சியையும் தவிர, ஒருவரைப் படமெடுக்கவே அவருடைய சம்மதம் வேண்டும் என்று சிவில் சட்டம் சொல்கிறது. ஜப்பானில் கியோத்தோவின் கியொன் பகுதித் தனியார் ஒழுங்கைகளில் 2019 இல் படத்தடைப் பலகை வைத்து, மீறினால் 10,000 யென் என்றார்கள். கியொன் மக்களின் பக்கம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. வேலைக்குப் போகும் கெய்ஷாக் கலைஞர்களை ஓடி ஓடித் துரத்தினால் யார்தான் பொறுப்பார்கள்? ஹங்கேரியின் விதி அப்படியல்ல. தெருவில் கடந்து போகும் ஒவ்வொருவரிடமும் யார் சம்மதம் வாங்குவது?  தெருவின் வரலாறு எழுதப்படாமல் போவதற்கு அப்படி ஒரு விதி போதும்.

மறுபடி கெமராவுக்கு வருகிறேன். இருட்டில் எப்படி? ஆடிவேல் திருவிழாவுக்குச் செட்டியார் தெருவில் தேர் புறப்படும் நேரம்தான் என் பரீட்சை. நகைக்கடை வெளிச்சம் ஒரு பக்கம், கற்பூரம் ஒரு பக்கம், நடுவில் முழு இருட்டு. உள்ளே நடுக்கம் தாங்கும் பொறிமுறை இருப்பதால் பதினைந்தில் ஒரு விநாடிக்குக்கூட கையில் பிடித்து எடுக்கலாம். அசையாமல் நிற்பவர்கள் கூர்மையாகவும், காவடியோடு ஆடுபவர்கள் இழுபட்டும் விழுவார்கள். ஐ.எஸ்.ஓ. 3200 வரை நான் யோசிப்பதே இல்லை. 6400 இல் மணல் தெரியும், கறுப்பு வெள்ளையாக்கினால் அதுவும் அழகுதான். தானாகக் கூர்மை தேடவிட்டால் இருட்டில் தடுமாறும். அங்கேயும் ஸ்னாப் போகஸை நம்புங்கள், ஆனால் திறப்பு எஃப் 2.8 ஆக இருக்கும்போது கூர்மைக்குக் கிடைக்கும் ஆழம் குறைவு. தூரத்தைக் கண்ணால் அளக்கப் பழகவேண்டும்.

குறைகளை மறைக்கமாட்டேன். பற்றரி ஒரு சார்ஜுக்கு ஏறத்தாழ 200 படங்கள் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். உதிரிப் பற்றரி இல்லாமல் வீட்டை விட்டு இறங்காதீர்கள். யூ.எஸ்.பி-சி வழியாகச் சார்ஜ் ஏறுவது பெரிய ஆறுதல். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்தபோது பவர் பாங்கால் காலம் தள்ளினேன். மழைக்குத் தாங்கும் அடைப்பு இல்லை, எனவே மே மாதப் பின்னேரங்களில் ஒரு பொலித்தீன் பையும் துணைக்கு வேண்டும். லென்ஸ் உள்ளே போய் வெளியே வருவதால் தூசி புகுந்து சென்சரில் உட்காருவது இந்த வரிசைக் கெமராக்களைப் பற்றி உலகெங்கும் பேசப்படும் குறை. சென்சரைத் துடைக்க லென்ஸைக் கழற்றவும் முடியாது. புறக்கோட்டைத் தூசியையும் காலி முகத்திடல் உப்புக்காற்றையும் நினைத்து, நான் அதை வெறும் பையில் போடுவதில்லை. மூக்குக்கண்ணாடிக்குத் தரும் துணி உறையில் போட்டு வைக்கிறேன். வெயிலில் திரை மங்கித் தெரியும், வியூபைண்டர் இல்லாதது அப்போது உறைக்கும். 2 ஜி.பி. உள்நினைவகம் இருப்பது நல்லது. மெமரி கார்டை வீட்டில் விட்டுவிட்டு வந்தால் அன்றைய தேவைக்குக் கைகொடுக்கும்.

செய்திப் படப்பிடிப்பே தொழில் என்றால் இது போதாது. மேடையில் நிற்பவரை இருபது மீற்றரிலிருந்து எடுக்க முடியாது, ஆசிரியர் முகம் கேட்பார். அட்டையும் பெரிய லென்ஸும் உள்ளவர்கள் அவற்றை விடவேண்டாம். அவர்கள் அங்கே நின்றால்தான் மற்றவர்கள் இங்கே நிற்கமுடியும். 28 மில்லிமீற்றரின் நெருக்கம் சங்கடமாக இருக்கிறது என்பவர்களுக்கு 2021 இல் வந்த ஜி.ஆர். 3 எக்ஸ் இருக்கிறது, 40 மில்லிமீற்றருக்குச் சமமான லென்ஸோடு. ஓரிரு அடி பின்னால் நிற்கலாம். புறக்கோட்டையின் நெரிசலுக்கு அது இறுக்கம், வெள்ளவத்தைக் கடற்கரைக்கு அது அருமை.

பழையதை வாங்கப் போகிறவர்கள் கடைக்காரர் அல்லது விற்பவர் முன்னாலேயே ஒரு வேலை செய்யுங்கள். எஃப் 16 வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்து, திரையில் பெருப்பித்து மூலை மூலையாகப் பாருங்கள். சாம்பல் நிறப் புள்ளி தெரிந்தால் தூசி உள்ளே இருக்கிறது. பிறகு கெமராவைப் பலமுறை இயக்கி நிறுத்தி, லென்ஸ் ஒரே சீராக வந்து போகிறதா, அதன் இமை முழுதாக மூடுகிறதா என்று கவனியுங்கள். பின்பக்கச் சில்லைச் சுழற்றினால் ஒரு சொடுக்குக்கு ஒரு படி மட்டும் நகரவேண்டும். பற்றரி பொங்கியிருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். இவ்வளவையும் பார்க்க விடாதவரிடம் வாங்காதீர்கள்.